சுற்றுச்சூழல் குழுவில் புதிதாகச் சேர்பவருக்கு: முதல் கூட்டம் முதல் முதல் களப்பணி வரை

உள்ளூர்ச் சுற்றுச்சூழல் குழு என்றதும் மரம் நடுவதும் குப்பை பொறுக்குவதும்தான் நினைவுக்கு வரும். அது கண்ணுக்குத் தெரிகிற பாதி. மறுபாதி முழுக்கச் சில்லறை விஷயங்கள்: கருவிகள் வைத்திருக்கும் அறையின் சாவி யாரிடம், அனுமதிக் கடிதத்தை யார் எழுதுவது, சேர்ந்த குப்பையை யார் ஏற்றிப்போவது. புதிதாக வருபவர்களில் பலர் இந்த மறுபாதியில் அலுத்துப்போய் மூன்றாவது கூட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதைப் பழகிக்கொண்டால் மற்றது தானாக வரும்.

சேருவதற்கு முன்

குழுவின் கொள்கை அறிக்கையைப் படிப்பதைவிட, கடந்த மூன்று மாதங்களில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். இடம், தேதி, வந்தவர் எண்ணிக்கை ஆகியவற்றோடு பதில் வந்தால் அது வேலை நடக்கும் குழு. புகைப்படங்கள் மட்டும் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். பழைய கூட்டக் குறிப்புகள் இரண்டு மூன்றைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டால், ஏற்கெனவே பேசி முடித்த விஷயத்தைப் புதிதாகக் கிளப்பி எல்லோரையும் நெளிய வைக்க மாட்டீர்கள்.

குழுவின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். களப்பணி மட்டும் செய்யும் குழு ஒன்று, மனு கொடுத்து வழக்குவரை போகும் குழு ஒன்று, பறவையும் பூச்சியும் கணக்கெடுப்பதோடு நிற்பது இன்னொன்று. ஒரு குழுவிடம் போய் மற்றொன்றின் வேலையை எதிர்பார்ப்பதில்தான் பாதி மனக்கசப்பு தொடங்குகிறது.

முதல் கூட்டம்

முதல் கூட்டத்தில் காது கொடுத்தால் போதும். இறுதியில் ஒரே ஒரு சின்ன வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள்: கையுறைகளைத் துவைத்து எண்ணி வைப்பது, வருகைப் பட்டியலைத் தட்டச்சு செய்வது, போனமுறை எடுத்த படங்களைத் தேதிவாரியாக அடுக்குவது. வந்த அன்றே பெரிய பொறுப்பைக் கேட்டு வாங்குபவர்கள் ஒரு மாதத்தில் தொலைபேசியை எடுக்காதவர்களாக மாறுவது எல்லாக் குழுக்களும் அறிந்த கதை.

கூட்டத்தில் ஒரு சொல்லை மட்டும் உன்னிப்பாகக் கவனியுங்கள்: ‘செய்யலாம்’. தமிழ் வினைமுற்று பெரும்பாலும் செய்பவரைத் தன் விகுதியிலேயே காட்டிவிடும். செய்கிறேன் என்றால் நான், செய்வாள் என்றால் அவள். ‘செய்யலாம்’, ‘பார்க்கலாம்’ இரண்டிலும் அப்படி ஆளே கிடையாது. “வாய்க்கால் பக்கம் ஒருநாள் சுத்தம் பண்ணலாம்” என்று எல்லோரும் தலையாட்டிக் கலைந்த கூட்டத்தில் எந்த முடிவும் எடுக்கப்படவில்லை என்று அர்த்தம். ‘லாம்’ வந்த இடத்திலெல்லாம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: யார், எது, எந்தத் தேதிக்குள்? புதியவர் கேட்டாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விவரம் தெரியாமல் கேட்பதாகவே நினைப்பார்கள், அது உங்களுக்கு வசதி.

குறிப்பெடுக்கும் வேலை கிடைத்தால் விடாதீர்கள். யார் என்ன பேசினார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை. முடிவு, பொறுப்பாளர் பெயர், கெடு தேதி என்று மூன்று நெடுவரிசை போட்டு எழுதி, இரண்டு நாட்களுக்குள் எல்லோருக்கும் அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்று ஒருவராவது எழுதுவார். வாட்ஸ்அப் குழுவை நம்பி இருக்கவும் வேண்டாம். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அனுமதிக் கடிதம் காணாமல் போய்விடும். அறிவிப்புக்கு என்று ஒருங்கிணைப்பாளர்கள் மட்டும் எழுதக்கூடிய தனிக் குழு இருந்தால் நல்லது.

கூட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் எடுக்கும் முடிவுகள் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எடுப்பவை.

யோசனையை முன்வைப்பது

இரண்டு மூன்று கூட்டத்துக்குப் பிறகு, நீங்களே ஒரு களப்பணி நடத்த விரும்பினால் அதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். எந்த இடம், எவ்வளவு நீளம், யாருக்குச் சொந்தம், எத்தனை பேர் தேவை, குப்பை எங்கே போகும், யார் என்ன ஏற்றுக்கொண்டார்கள். கடைசி வரியில் குறைந்தது இரண்டு பெயராவது இருக்க வேண்டும். உங்கள் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் ஒருவரைப் பிடித்துவிட்டு அடுத்த மாதம் வாருங்கள்.

தயாரிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு எஸ்தோனியா நல்ல சான்று. 2008 மே 3 அன்று அந்தச் சின்ன நாட்டில் சுமார் 50,000 பேர் ஒரே நாளில் இறங்கிச் சட்டவிரோதக் குப்பைமேடுகளை அகற்றினார்கள். அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே தன்னார்வலர்கள் காடு மேடெல்லாம் சுற்றி, எங்கெங்கே குப்பை கொட்டியிருக்கிறது என்று வரைபடத்தில் குறித்து வைத்திருந்தார்கள். அந்த வரைபடம் இல்லாமல் 50,000 பேர் கூடியிருந்தால் அது வெறும் நெரிசல்.

இடம் பார்த்தல்

முதல் களப்பணிக்கு நீர்க்கரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: ஏரி, ஆறு, கடற்கரை எதுவானாலும் சரி. பலன் கண்ணெதிரே தெரியும், எல்லையும் தெளிவாக இருக்கும். முழுக் கரையையும் எடுக்க ஆசைப்பட வேண்டாம். 100 மீட்டர் நீளம் போதும். ஐரோப்பாவில் கடற்கரைக் குப்பையைத் தொடர்ந்து கணக்கெடுப்பவர்களும் 100 மீட்டர் துண்டையே அளவாக வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தையும் முடிவையும் கைப்பேசி வரைபடத்தில் குறித்து, அசையாத அடையாளம் ஒன்றையும் எழுதிவையுங்கள். அடுத்தமுறை அதே 100 மீட்டருக்குத் திரும்பி வந்தால்தான் குப்பை கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியும். ஒவ்வொரு மாதமும் புதுப்புது இடமாகத் தாவும் குழுவிடம் ஆண்டுக் கடைசியில் சொல்ல ஒன்றும் இருக்காது.

களப்பணி நாளுக்கு ஒரு வாரம் முன்பு, அதே நேரத்தில், அதே இடத்துக்கு இருவர் போய் நடந்து பாருங்கள். கரை சரியும் இடம், புதைசேறு, கண்ணாடித் துண்டுகள் அதிகமாகக் கிடக்கும் மூலை, நாய்கள், நிழல், கழிப்பறை, வண்டி வந்து நிற்கும் தூரம் எல்லாவற்றையும் குறியுங்கள். வண்டி நிற்கும் இடம் வேலை நடக்கும் இடத்திலிருந்து 200 மீட்டர் தள்ளி இருந்தால், தூக்குவதற்கென்றே தனி ஆட்கள் வேண்டும். இதை யோசிக்காமல் விட்டு, கடைசியில் நிரம்பிய சாக்குகளைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் ஏராளம்.

கடற்கரை என்றால் ஓத நேரம் பாருங்கள். நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது தொடங்கி, மீண்டும் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். பறவைகள் கரையில் முட்டையிடும் மாதங்களிலும், ஆமைகள் மணலில் முட்டையிடும் பருவத்திலும் அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். கரைப் பறவைகளின் முட்டை பெரும்பாலும் மணல் நிறத்தில் இருக்கும், ஆமை முட்டை மணலுக்குள் புதைந்திருக்கும், காலடியில் நொறுங்கிய பிறகே தெரியும்.

அனுமதியும் குப்பை வண்டியும்

ஒரே நீர்நிலைக்குக் கரை ஓர் அலுவலகத்தின் கையிலும், நீர் இன்னோர் அலுவலகத்தின் கையிலும், பக்கத்துப் பாதை மூன்றாவதன் கையிலும் இருப்பது வழக்கம். முதலில் அதைக் கண்டறிந்து ஒவ்வொருவருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தேதி, நேரம், எத்தனை பேர், என்ன செய்யப்போகிறோம், என்ன செய்ய மாட்டோம் (செடி பிடுங்க மாட்டோம், தீ வைக்க மாட்டோம்) என்று ஒரு பக்கம் போதும். அனுமதிக் கடிதத்தின் நகல் அன்று களத்தில் இருவர் கையில் இருக்க வேண்டும்.

குப்பை வண்டியை உறுதி செய்யாமல் தேதியை அறிவிக்கவே கூடாது. களப்பணிகள் கெட்டுப்போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. சாக்குகள் இரவெல்லாம் கரையில் கிடந்தால் நாய்கள் கிழிக்கும், காற்று இழுக்கும், மறுநாள் காலை பாதி குப்பை பழைய இடத்துக்கே போயிருக்கும். வேடிக்கை பார்த்தவர்கள் “குழுக்காரர்கள் கொட்டிவிட்டுப் போனார்கள்” என்பார்கள். வண்டி ஓட்டுநரின் எண்ணை வாங்குங்கள், அவருடைய மேலாளரின் எண் மட்டும் போதாது. முந்தின நாள் மாலை ஒருமுறை, அன்று காலை ஒருமுறை அழையுங்கள். மறுசுழற்சிக்குப் போவதை எப்படிப் பிரித்துத் தர வேண்டும் என்பதையும் முன்னாலேயே கேளுங்கள். சேறு படிந்த பிளாஸ்டிக்கைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள்.

25 பேருக்கு என்ன வேண்டும்

ஐந்து ஐந்து பேராக ஐந்து அணிகள் என்று வைத்துக்கொள்வோம். கையுறை 30 ஜோடி, ஏனென்றால் சில கிழியும். உள்ளங்கையில் தடித்த ரப்பர் பூசியவை வேண்டும், மருத்துவமனையில் போடும் மெல்லிய உறை முதல் முள்ளிலேயே போய்விடும். பயன்படுத்திய பிளாஸ்டிக் பின்னல் சாக்குகள் 50. கறுப்புக் குப்பைப் பைகளைக் கண்ணாடி கிழித்துவிடும். சாக்கும் வெயிலில் கிடந்து உதிரத் தொடங்கியிருந்தால் வேண்டாம், நீங்களே நெகிழித் துகளைத் தூவிக்கொண்டு போவீர்கள்.

நீண்ட இடுக்கி 10, பிரித்துக் கொட்ட தார்ப்பாய் 2, கொக்கி மாட்டும் தராசு 2 (ஒன்று பழுதானால் மற்றொன்று), முதலுதவிப் பெட்டி, மூடியுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா 2, அணிக்கு ஓர் எழுதுபலகை. பேனாவுக்குப் பதில் பென்சில் கொடுங்கள், ஈரத் தாளில் மை ஊறிவிடும். குடிநீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது, பெரிய கேனில். குப்பை அகற்றப் போன இடத்தில் 25 தண்ணீர் பாட்டிலை விட்டுவிட்டு வரும் அவமானம் வேண்டாம். வருபவர்களுக்கு முன்னாலேயே சொல்ல வேண்டியது: மூடிய காலணி, முழுக்கால் உடை, தொப்பி. செருப்பில் வந்தவரைத் திருப்பி அனுப்ப மனம் வராவிட்டால் எழுதும் வேலையைக் கொடுங்கள்.

அன்று

மொத்தம் இரண்டு மணி நேரம். முதல் 15 நிமிடம் விளக்கம், அடுத்த 75 நிமிடம் சேகரிப்பு, மீதி பிரிப்பதும் எடை போடுவதும். விளக்கம் கொடுப்பவர் சுற்றுச்சூழலைப் பற்றி உரை நிகழ்த்தத் தொடங்கினால் தடுத்துவிடுங்கள். வந்திருப்பவர்கள் ஏற்கெனவே உங்கள் பக்கம்தான். எல்லை எங்கே, எதைத் தொடக் கூடாது, காயம் பட்டால் யாரிடம் போவது, விசில் எத்தனை முறை அடித்தால் திரும்ப வேண்டும் என்பவைதான் அவர்களுக்குத் தேவை.

அணியில் இருவர் எடுப்பார்கள், ஒருவர் சாக்குப் பிடிப்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் தூக்குவார். அரை மணிக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எழுதுபவரை மாற்ற வேண்டாம். கை மாறினால் கணக்கும் மாறும். சாக்கு 10 கிலோவைத் தாண்டினால் கட்டிவிட்டு அடுத்ததை எடுங்கள். யாரும் தனியாக நிற்கக் கூடாது, முழங்காலுக்கு மேல் நீரில் இறங்கக் கூடாது. இடிச்சத்தம் கேட்டால் உடனே கரையேறி, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பிப் போகக் கூடாது.

தொடுவதில் எச்சரிக்கை

ஊசி கிடந்தால் பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் எடுக்க வேண்டும். டப்பாவைத் தரையில் வைத்து, இடுக்கியால் ஊசி முனை கீழே இருக்கும்படி போட வேண்டும். டப்பாவை இன்னொருவர் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் குத்துப்பட வழி. ஊசிக்கு மூடி போட முயல்வதும் அப்படித்தான். குத்திவிட்டால் ஓடும் நீரிலும் சோப்பிலும் கழுவி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

உள்ளே திரவம் இருக்கும் பாட்டிலைத் திறக்காதீர்கள். என்ன திரவம் என்று பார்ப்பதில் ஒரு லாபமும் இல்லை. ரசாயனப் பீப்பாய், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓடு, செத்த விலங்கு இவற்றைப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, உள்ளாட்சி அலுவலகத்துக்குத் தெரிவிப்பதோடு நிறுத்துங்கள். மாறாக, தூண்டில் நரம்பு கிடைத்தால் விடாமல் எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். முழுதாகப் போட்டால் குப்பைக் கிடங்கிலும் பறவைக் காலில் சுற்றும்.

எடுக்கக் கூடாத ‘குப்பை’யும் உண்டு. விழுந்த மரக்கிளை, சருகு, கரையோர நாணல் எல்லாம் யாரோ ஒருவருடைய வீடு. குவளைக்குள்ளும் டப்பாவுக்குள்ளும் நண்டோ நத்தையோ குடியிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். ஆகாயத்தாமரையை வாரினால், நீர் விளிம்பிலேயே சில மணி நேரம் விட்டுவையுங்கள், வேரில் ஒட்டியிருக்கும் உயிரினங்கள் இறங்கிப்போகட்டும். பிறகு மழை வெள்ளம் எட்டாத மேட்டுக்குக் கொண்டுபோங்கள். விளிம்பிலேயே மறந்துவிட்டால் சிறு துண்டிலிருந்துகூட மறுபடி பரவும்.

கையில் கீறல் இருப்பவர்கள் நீர் புகாத பிளாஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியாக எலிக்காய்ச்சல் தொற்றும். களப்பணிக்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், நீர்நிலையில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அந்தச் சந்தேகமே வராமல் போகலாம்.

எண்ணுவது

உலகளாவிய கடற்கரைத் தூய்மைப் பணி 1986-இல் டெக்சாஸ் கரையில் தொடங்கியபோதே, எடுத்ததையெல்லாம் வகை பிரித்து எண்ணி எழுதினார்கள். இன்று ஆண்டுதோறும் செப்டம்பர் மாத மூன்றாம் சனிக்கிழமையை ஒட்டிப் பல நாடுகளில் நடக்கும் அந்தப் பணி, அகற்றிய குப்பையைவிட அந்தக் கணக்காலேயே பயன் தருகிறது. ‘நிறையக் குப்பை’ என்று மனு கொடுத்தால் அலுவலகத்தில் சிரிப்பார்கள். ‘100 மீட்டரில் இத்தனை உறிஞ்சுகுழல், இத்தனை மூடி, நான்கு மாதமாக இதே எண்ணிக்கை’ என்றால் பதில் சொல்லியாக வேண்டும்.

வகைகள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். அதிகமானால் எழுதுபவர் களைத்து எல்லாவற்றையும் ‘இதர’ என்பதில் போட்டுவிடுவார். சிகரெட் துண்டுக்குத் தனி வரிசை வையுங்கள். அதன் வடிகட்டி பஞ்சு போலத் தெரிந்தாலும் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்தான். உடைந்த பாட்டில் ஒன்றா பத்தா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து, அதையே எப்போதும் பின்பற்றுங்கள். எது சரி என்பதைவிட மாறாமல் இருப்பது முக்கியம். எடை போடுமுன் நீரையும் மணலையும் உதறுங்கள். சேறு ஏறிய மெத்தை ஒன்று முழுக் கணக்கையும் கவிழ்த்துவிடும் என்பதால், அப்படிப்பட்டதைத் தனியாக எழுதுங்கள்.

மற்ற வேலைகள் சுருக்கமாக

மரம் நடுதல் எல்லோருக்கும் பிடித்த வேலை, தண்ணீர் ஊற்றுவது யாருக்கும் பிடிக்காத வேலை. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றப்போகிறவரின் பெயர் இல்லாமல் ஒரு கன்றும் நட வேண்டாம். 100 கன்று நட ஆசைப்பட்டு 10 பேர் பெயர் மட்டும் கிடைத்தால், அந்தப் பத்துப் பேரால் முடிந்த அளவு நடுங்கள். நடும்போது நாற்றுப் பையைக் கழற்ற மறக்கக் கூடாது. வேரும் தண்டும் சேரும் இடம் தரை மட்டத்தில் இருக்க வேண்டும், ஆழப் புதைத்தால் தண்டு அழுகும். தினமும் ஒரு குவளை ஊற்றினால் வேர் மேலாகவே நின்றுவிடும், இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றினால் கீழே இறங்கும். இயற்கையான புல்வெளியிலும் சதுப்பிலும் மரம் நடுவது நன்மை அல்ல, அங்கே வாழ்பவற்றை விரட்டுவது. மியாவாக்கி முறை என்ற பெயரில் கன்றுகளை நெருக்கி நட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறைக்கு அந்த மண்ணுக்குரிய மரவகைகளைக் கண்டறிவதும், மண்ணைப் பக்குவப்படுத்துவதும், முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் களை எடுப்பதும்தான் அடிப்படை.

நீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்கச் செக்கி தட்டு போதும். 1865-இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி பயன்படுத்திய எளிய கருவி அது. ஏரிகளுக்கு 20 சென்டிமீட்டர் விட்டத்தில் கறுப்பு வெள்ளைத் தட்டு. கயிற்றில் இறக்கி, மறையும் ஆழத்தையும் மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் சராசரி எடுங்கள். குளிர்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நிழல் பக்கமாகப் பார்க்க வேண்டும். நீரில் கரைந்த ஆக்சிஜனை அளந்தால் எப்போதும் நாளின் ஒரே நேரத்தில் அளவிடுங்கள். பாசியும் செடியும் பகலில் ஆக்சிஜன் விடுவதால் பிற்பகலில் அளவு ஏறும், இரவெல்லாம் எல்லா உயிர்களும் சுவாசிப்பதால் விடியலில் இறங்கும். ஒருமுறை காலையிலும் அடுத்தமுறை மாலையிலும் அளந்துவிட்டு ஏரி திருந்திவிட்டதாக அறிக்கை விடக் கூடாது.

பறவைக் கணக்குக்கு இபேர்டு செயலி, மற்ற உயிர்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட். இபேர்டில், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தால்தான் அது முழுப் பட்டியல். காக்கையை விட்டுவிட்டு அரிய பறவையை மட்டும் போட்டால் ஆய்வுக்கு அதன் மதிப்பு குறையும். கூடு இருக்கும் இடத்தை யாரிடமும் துல்லியமாகப் பகிராதீர்கள்.

அடுத்த கூட்டம்

களப்பணி முடிந்த ஒரு வாரத்துக்குள் கணக்குத் தாளைச் சுத்தப்படி எடுத்து, மூலத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். செலவுச் சீட்டுகளைப் படம் எடுத்து, வரவு செலவை இருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு குழுவுக்கு அனுப்புங்கள். தொகை சின்னதுதானே என்று விட்டால், சந்தேகம் பெரிதாக வளரும். சிறுவர்கள் வந்திருந்தால் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் அவர்கள் படத்தை வெளியிட வேண்டாம்.

கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் எண்ணிக்கையை வாசியுங்கள். அடுத்ததாகப் போனமுறைக் குறிப்பை எடுத்து, முடியாத வேலைகளைப் பொறுப்பாளர் பெயரோடு படியுங்கள். முடிக்காதவரிடம் காரணம் கேட்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். ‘நீங்களே முடிக்கிறீர்களா, வேறொருவருக்குக் கொடுப்போமா?’ என்று மட்டும் கேளுங்கள். ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்தால், அந்த வேலைக்கு வேறு பெயர் எழுதுங்கள்.